கூகுள் லாகின் முடிந்ததும் மறுபடி லாகின் பக்கத்துக்கே வருகிறது – உதவி தேவை

கேள்வி

வணக்கம். நோடு, எக்ஸ்பிரஸ் (சர்வருக்கு), மாங்கோடிபி (தரவுத்தளத்துக்கு) வைத்து ஒரு சின்ன ஆப் எழுதுகிறேன். லாகினுக்கு பாஸ்போர்ட் என்ற லைப்ரரி. மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் போட்டு நுழையும் லோக்கல் லாகின் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் 'கூகுள் மூலம் நுழைக' பொத்தானைச் சேர்த்தேன். அன்றிலிருந்து தலைவலி.

பொத்தானை அழுத்தினால் கூகுள் பக்கம் வருகிறது. கணக்கைத் தேர்ந்தெடுத்தால் என் ஆப்புக்குத் திரும்புகிறது. ஆனால் முகப்புக்குப் போகாமல் லாகின் பக்கத்தில் வந்து நிற்கிறது. பிழைச்செய்தி கிடையாது, டெர்மினலும் அமைதி. வெரிஃபை ஃபங்ஷனுக்குள் (கூகுள் தரும் பயனர் விவரம் வந்து சேரும் இடம்) கன்சோல் லாக் போட்டுப் பார்த்தேன். ப்ரொஃபைல் ஒழுங்காக வருகிறது, பயனரும் தரவுத்தளத்தில் பதிவாகிறார். இரண்டு நாளாக, கூகுள் என் ஆப்புக்குத் தரும் அடையாளமான கிளையன்ட் ஐடியை அழித்து அழித்து உருவாக்கியதுதான் மிச்சம்.

பதில் 1

கிளையன்ட் ஐடியை விடுங்கள். அது தவறாக இருந்தால் கூகுளே உங்களை உள்ளே விட்டிருக்காது. திரும்பி வரும் முகவரியில் ஒரு சாய்கோடு கூடினாலும் அங்கேயே பிழை காட்டிவிடும்.

ஆப் ரிவர்ஸ் ப்ராக்ஸிக்குப் (கோரிக்கையை முன்னால் நின்று வாங்கிக் கொடுக்கும் சர்வர்) பின்னால் ஓடுகிறதா? குக்கியில் செக்யூர் ட்ரூ (HTTPS இணைப்பில் மட்டும்) என்று வைத்துவிட்டு எக்ஸ்பிரஸில் ட்ரஸ்ட் ப்ராக்ஸி (அந்த ப்ராக்ஸி சொல்வதை நம்பு) வைக்க மறந்தால், உள்ளே நுழைந்தவர் யார் என்று நினைவில் வைக்கும் செஷன் குக்கியே போகாது. இன்னொன்று, லோக்கல்ஹோஸ்ட் என்று திறந்துவிட்டு கால்பேக்கில் (அந்தத் திரும்பி வரும் முகவரியில்) 127.0.0.1 கொடுத்திருக்கிறீர்களா? பிரவுசருக்கு இரண்டும் வேறு வேறு வீடு. ஒன்றின் குக்கி மற்றதற்குப் போகாது.

கேட்டவர்

ப்ராக்ஸி இல்லை, என் கணினியில்தான் ஓடுகிறது. இரண்டு இடத்திலும் லோக்கல்ஹோஸ்ட்தான். செக்யூர் இப்போதைக்கு ஃபால்ஸ்.

ஒரு விசித்திரம் சொல்ல மறந்துவிட்டேன். லாகின் பக்கத்தின் மேலே 'முகப்பு' என்று ஒரு இணைப்பு இருக்கிறது. அதை அழுத்தினால் நேராக உள்ளே போய்விடுகிறது, என் பெயரும் தெரிகிறது!

பதில் 2

இதை முதலிலேயே எழுதியிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். உங்கள் செஷன் குக்கியில் சேம்சைட் ஸ்ட்ரிக்ட் (வேறு தளத்திலிருந்து கிளம்பும் பயணத்தில் குக்கியை அனுப்பாதே என்ற அமைப்பு) என்று இருக்கிறதா? பிரவுசர் டெவலப்பர் கருவியின் நெட்வொர்க் டேபில் 'லாகைப் பாதுகாக்க' (Preserve log) டிக் செய்துவிட்டு மறுபடி நுழைந்து பாருங்கள். கால்பேக்குக்கு 302 (வேறு பக்கத்துக்குப் போ), முகப்புக்கு 302, லாகினுக்கு 200 (இதோ பக்கம்) என்று வரும். மூன்று கோரிக்கையிலும் குக்கி ஹெடர் இருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன். கால்பேக்கின் பதிலில் மட்டும் செட்-குக்கி இருக்கும்.

கூகுள் பக்கத்திலிருந்து கிளம்பிய பயணம் அது. நடுவில் உங்கள் சர்வர் எத்தனை ரீடைரக்ட் கொடுத்தாலும் பிரவுசர் கணக்கில் அது வெளியாள் அழைத்துவந்த பயணம்தான், ஸ்ட்ரிக்ட் குக்கியை அது கையில் கொடுக்காது. அதாவது லாகின் நடந்துவிட்டது, குக்கியும் பிரவுசரில் இருக்கிறது, முகப்பைக் கேட்கும்போது மட்டும் கூட வரவில்லை. உங்கள் பக்கத்து இணைப்பை அழுத்தினால் பயணம் உங்கள் தளத்திலேயே தொடங்குகிறது, அப்போது குக்கியும் சேர்ந்து போகிறது. லோக்கல் லாகின் முழுக்க உங்கள் வீட்டுக்குள்ளேயே நடப்பதால் தப்பித்தது.

சேம்சைட்டை லாக்ஸ் (Lax, ஸ்ட்ரிக்டைவிடத் தளர்வானது) ஆக்குங்கள், போதும். அப்படியே கூகுள் ஸ்ட்ராடஜியில் (பாஸ்போர்ட்டின் கூகுள் லாகின் பகுதி) ஸ்டேட் ட்ரூ என்றும் வையுங்கள்; லாகினைத் தொடங்கிய பிரவுசரே திரும்பி வந்ததா என்று அது செஷனை வைத்துச் சரிபார்க்கும். இப்போது அது இல்லை என்று நினைக்கிறேன், இருந்திருந்தால் கால்பேக்கிலேயே தோற்றிருக்கும். அது இல்லாவிட்டால் வேறொருவன் தன் கணக்கின் கால்பேக் இணைப்பை உங்கள் பயனரை அழுத்தவைத்து, அவரைத் தன் கணக்கில் நுழைத்துவிட முடியும்.

பின்னால் ஆப்பிள் லாகின் சேர்த்தால் லாக்ஸும் உதவாது. பெயரோ மின்னஞ்சலோ கேட்டால் ஆப்பிள் போஸ்ட் கோரிக்கையாகத் திருப்பி அனுப்புகிறது. வெளித்தளத்திலிருந்து வரும்போது லாக்ஸ் குக்கி கெட் (GET) கோரிக்கையில்தான் கூட வரும்.

கேட்டவர்

அப்படியே இருந்தது! 302, 302, 200. 'பாதுகாப்பான செட்டிங்' என்று எங்கோ பார்த்து ஸ்ட்ரிக்டை ஒட்டியது நான்தான். லாக்ஸ் ஆக்கியதும் ஓடுகிறது, ஸ்டேட்டும் சேர்த்துவிட்டேன். மிக்க நன்றி.

இப்போது அடுத்தது. ஏற்கெனவே கடவுச்சொல்லுடன் பதிந்த நண்பர் கூகுள் பொத்தானை அழுத்தினால் மாங்கோவிடமிருந்து 11000, டூப்ளிகேட் கீ பிழை (அதே மின்னஞ்சல் ஏற்கெனவே இருக்கிறது). மின்னஞ்சலை வைத்துத் தேடி, இருந்தால் அந்தக் கணக்கிலேயே கூகுள் ஐடியைச் சேர்த்துவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

பதில் 3

கொஞ்சம் பொறுங்கள். பதியும்போது மின்னஞ்சலைச் சரிபார்க்கிறீர்களா? இல்லையென்றால், உங்கள் நண்பரின் முகவரியைப் போட்டு நான் இன்றே ஒரு கணக்குத் திறந்து காத்திருப்பேன். அவர் அடுத்த மாதம் கூகுள் வழியாக வருவார், உங்கள் நிரல் அவரை என் கணக்கில் இணைக்கும். அவர் தன் கணக்கு என்று நம்பி எல்லாவற்றையும் போட்டுவைப்பார். என் கடவுச்சொல் அப்போதும் வேலை செய்யும்.

முதலில் கூகுள் ஐடியை வைத்துத் தேடுங்கள். அது மாறாது, மின்னஞ்சல் மாறலாம். ஐடி கிடைக்கவில்லை, ஆனால் மின்னஞ்சல் இருக்கிறது என்றால், 'இந்த முகவரியில் கணக்கு உள்ளது, கடவுச்சொல்லைக் கொடுத்து இணைக்கவும்' என்று கேளுங்கள். ஒரு படி கூடும், கூடட்டும்.

ஃபேஸ்புக்கும் சேர்க்கும் எண்ணம் இருந்தால், அங்கே சிலருக்கு மின்னஞ்சலே வராது. மின்னஞ்சலுக்கு யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற விதி) இருக்கும்போது மின்னஞ்சல் இல்லாத முதல் ஆள் உள்ளே போய்விடுவார், இரண்டாம் ஆளுக்கு அதே 11000 வரும். மின்னஞ்சல் இருந்தால் மட்டும் பொருந்துகிற பார்ஷியல் இண்டெக்ஸ் போடுங்கள்.

பதில் 1

என் ஊகம் போனது போகட்டும், இதையும் பாருங்கள். கூகுள் வழியாக மட்டும் வந்தவருக்குக் கடவுச்சொல் ஹாஷ் (கடவுச்சொல்லை மறைத்துச் சேமித்த வடிவம்) கிடையாது. அவர் லோக்கல் படிவத்தில் எதையாவது தட்டினால் அந்த ஹாஷைச் சரிபார்க்கும் பிகிரிப்ட் லைப்ரரியின் ஒப்பிடும் ஃபங்ஷன் எரர் வீசும், பயனருக்கு 500 (சர்வர் பிழை) பக்கம் தெரியும். ஹாஷ் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் உள்ளதைச் சொல்லாமல் வெட்டிவிடும். 'கு' என்ற ஒரே எழுத்துக்கு 6 பைட், 12 எழுத்தில் கோட்டா முடிந்தது. தமிழில் நீளக் கடவுச்சொல் வைக்கும் என்னைப் போன்ற ஆட்களுக்காகச் சொல்கிறேன்.

கேட்டவர்

500 வந்தது, சரிசெய்துவிட்டேன். கடவுச்சொல் கேட்டு இணைக்கும் பக்கமும் தயார். லாக்அவுட் மட்டும் 'கால்பேக் ஃபங்ஷன் தேவை' என்று முறைக்கிறது.

பதில் 2

பாஸ்போர்ட் 0.6-இலிருந்து அப்படித்தான். இங்கே கால்பேக் என்பது முகவரி அல்ல, வேலை முடிந்ததும் ஓடும் ஃபங்ஷன். லாக்அவுட்டுக்குள் ஒரு ஃபங்ஷன் கொடுத்து, ரீடைரக்டை அதற்குள் வையுங்கள்.