செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்: பேஸ் மாடலா, டாப் எண்டா?

புது நாட்டில் வேலை நிலைத்து, உள்ளூர் லைசென்ஸும் கைக்கு வந்ததும் சிலருக்கு ஒரு ஆசை எட்டிப் பார்க்கும். குடும்பக் கார் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஓட்டுவதற்குச் சந்தோஷமாக ஒரு வண்டி. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது, அதனால் செகண்ட் ஹேண்ட். அதிலேயே தினமும் வேலைக்கும் போய் வர வேண்டும். எந்தக் கார் என்பதைச் சீக்கிரம் முடிவு செய்துவிடுகிறார்கள். எந்த வேரியன்ட் (ஒரே காரில் வசதிக்கும் விலைக்கும் ஏற்ப வரும் வகை) என்ற இடத்தில்தான் வாரக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொள்கிறார்கள். இந்த இழை அவர்களுக்காக.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினசரி ஓட்டத்துக்கு நடு வேரியன்ட், அல்லது நல்ல ஆப்ஷன்கள் போட்ட பேஸ் மாடல் பெரும்பாலும் போதும். டாப் எண்ட் எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எடுப்பவர் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

ஷோரூமில் புதிதாக நிற்கும்போது பேஸுக்கும் டாப் எண்டுக்கும் விலையில் பெரிய இடைவெளி இருக்கும். ஐந்தாறு வருடம் ஓடிய பிறகு அந்த இடைவெளி சுருங்கிவிடும். "இன்னும் கொஞ்சம் போட்டால் டாப் எண்டே வருதே" என்று தோன்றுவது அப்போதுதான். வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது. அதன் பிரேக் டிஸ்க்கும் ஷாக் அப்சார்பரும் டயரும் இன்றைய விலைக்குத்தான் கிடைக்கும். பெரிய பிரேக், எலக்ட்ரானிக் ஷாக், அகலமான டயர் என்று எல்லாமும் உள்ள வண்டியைப் பாதி விலைக்கு வாங்கினாலும் பராமரிப்புச் செலவு பாதியாகாது. புதிதாக வந்தவருக்குக் கடன் வரலாறு இருக்காது, கார் லோனுக்கு வட்டியும் கூடுதலாகத்தான் விழும். ஆக அந்த "இன்னும் கொஞ்சம்" உண்மையில் எவ்வளவு என்று வட்டியோடு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது, வேரியன்ட் பெயரை நம்பாதீர்கள். நாட்டுக்கு நாடு அது மாறும். கூரை திறக்கும் இரண்டு சீட் வண்டியான மாஸ்டா எம்எக்ஸ்-5 நல்ல உதாரணம். 2015-ல் வந்த என்டி தலைமுறையில், அமெரிக்காவில் "ஸ்போர்ட்" என்றால் ஆரம்ப மாடல். அதற்கு மேலே கிளப், அப்புறம் கிராண்ட் டூரிங். பிரிட்டனில் அதே "ஸ்போர்ட்" வரிசையின் உச்சியில் இருந்தது. ஜப்பானில் எஸ், எஸ் ஸ்பெஷல் பேக்கேஜ், ஆர்எஸ் என்று வேறு பெயர்கள். அங்கே ஆரம்ப மாடலான எஸ்ஸில் பின்பக்க ஸ்டெபிலைசர் பார்கூட (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) கிடையாது. எடை 990 கிலோதான், அதை விரும்பித் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேறு நாட்டுக்காரர் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு உங்கள் ஊர் வண்டியை எடைபோட்டால் தப்பான முடிவுக்குத்தான் போவீர்கள். இறக்குமதியான வண்டி என்றால் இன்னும் கவனம்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நான் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துக்கொள்வேன்: பின்னால் மாற்றிக்கொள்ளக் கூடியது, மாற்ற முடியாதது. ஸ்பீக்கர், அலாய் வீல், சீட் கவர், பின்பக்க ஸ்பாய்லர் இதெல்லாம் எப்போது வேண்டுமானாலும் போடலாம். எஞ்சின், லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (சுருக்கமாக எல்எஸ்டி, வளைவில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் பார்த்துக்கொள்வது), பெரிய ரேடியேட்டர், கம்பெனியே போட்ட டிரைவர் உதவி கேமரா, சூடாகும் சீட் இதையெல்லாம் பின்னால் போடப் போனால் செலவு மட்டும் அல்ல, இன்சூரன்ஸ் தொல்லையும் சேர்ந்து வரும். அதிகப் பணம் கொடுப்பதாக இருந்தால் இரண்டாவது வகைக்குக் கொடுங்கள்.

அதே எம்எக்ஸ்-5-ஐ எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஆரம்ப வருடங்களில் மேனுவல் கியர் உள்ள கிளப்பில்தான் எல்எஸ்டியும் பில்ஸ்டீன் கம்பெனியின் இறுக்கமான ஷாக்கும் வந்தன. கிராண்ட் டூரிங் விலை அதற்கும் மேலே, ஆனால் அந்தப் பணம் தோல் சீட்டுக்கும் வசதிகளுக்கும் போனது. ஆட்டோமேட்டிக் கிளப்பில் எல்எஸ்டி கிடையாது. மேலே போகப் போக எல்லாமே சேர்ந்துகொண்டே போகும் என்று நினைத்தால் இங்கே அது பொய்த்துவிடும். தினமும் நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்கு எல்எஸ்டி இல்லாதது பெரிய குறையே இல்லை, சூடான சீட்டும் மெத்தென்ற ஷாக்கும்தான் ஒவ்வொரு காலையும் உதவும். மலைப்பாதை பக்கத்தில் இருந்து, வார இறுதியில் அங்கே போகிறவர் என்றால் கதை வேறு.

சில சமயம் வேரியன்ட்டைவிட வருடம்தான் முக்கியம். எம்எக்ஸ்-5-ல் 2019 மாடலில் 2.0 லிட்டர் எஞ்சின் அமெரிக்கக் கணக்கில் 155 குதிரைசக்தியிலிருந்து 181 ஆனது. எஞ்சின் சுற்றும் வரம்பு 6,800-லிருந்து 7,500 ஆர்பிஎம்முக்குப் போனது. ஆனால் தினமும் ஓட்டுகிறவருக்கு அந்த வருடத்தின் பெரிய லாபம் வேறு: ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் இழுத்து வைத்துக்கொள்ளும் வசதி அப்போதுதான் வந்தது. கால் நீளமானவர் அதற்கு முந்தைய வண்டியில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் நான் சொல்வது புரியும். பழைய டாப் எண்டும் 2019-க்குப் பிந்தைய பேஸும் ஒரே விலைக்கு வந்தால், நான் யோசிக்காமல் பேஸைத்தான் எடுப்பேன்.

போர்ஷே பாக்ஸ்டர், கேமன் பார்க்கிறவர்களுக்கும் இதே பேச்சுதான். 2009 மாடலுக்கு முந்தைய எஞ்சின்களில் ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினுக்குள் சுழலும் ஒரு தண்டைத் தாங்குவது) என்ற ஒன்று உண்டு. அது உடைந்தால் எஞ்சினே போய்விடலாம். பேஸ், அதற்கு மேலான எஸ் இரண்டிலும் அது இருந்தது. 2009 மாடலில் வந்த புது எஞ்சினில் அந்தப் பேரிங்கே இல்லை. பழைய எஸ் மாடலின் பேட்ஜுக்கு மயங்குவதற்கு முன்னால் வருடத்தைப் பாருங்கள். அதற்கு அடுத்த 981 தலைமுறையில் கேமன் பேஸ் 2.7 லிட்டர், 275 குதிரைசக்தி, எஸ் 3.4 லிட்டர், 325. பேப்பரில் பெரிய வித்தியாசம்தான். ஆனால் இந்த வண்டிகளின் கியர்கள் நீளமானவை. இரண்டாவது கியரை முழுசாக இழுத்தாலே பல நாடுகளின் நெடுஞ்சாலை வேக வரம்பை நெருங்கிவிடுவீர்கள். கூடுதல் 50 குதிரைகளை வேலைக்குப் போகும் வழியில் எங்கே அவிழ்த்துவிடப் போகிறீர்கள்? பேஸ் எஞ்சினை நன்றாக முறுக்கி ஓட்டலாம், சத்தமும் அருமையாக இருக்கும்.

போர்ஷேயில் ஆப்ஷன்தான் வேரியன்ட்டைவிடப் பெரிய புதிர். வசதி கொட்டிக்கிடக்கும் பேஸும் உண்டு, மொட்டையான எஸ்ஸும் உண்டு. முன்பக்க பானெட்டைத் தூக்கினால் மூடியின் உள்பக்கத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதில் மூன்று இலக்க எண்கள் வரிசையாக இருக்கும். 475 இருந்தால் எலக்ட்ரானிக் ஷாக், 450 இருந்தால் செராமிக் பிரேக். அந்த 450-ஐப் பார்த்ததும் விற்பவர் பெருமைப்படுவார். நீங்கள் ஒரு டிஸ்க் மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டு அப்புறம் பெருமைப்படுங்கள். சர்வீஸ் புத்தகத்திலும் அதே ஸ்டிக்கர் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பானெட் மாற்றப்பட்டிருக்கலாம், காரணம் கேளுங்கள். மற்ற கம்பெனி வண்டிகளுக்கு சேசிஸ் எண்ணை வைத்து டீலரிடம் கேட்டால், ஃபேக்டரியிலிருந்து என்னென்னவோடு வந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

டயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தினமும் உடம்பு உணர்வது அதைத்தான். இரண்டாம் தலைமுறை டொயோட்டா ஜிஆர்86, அமெரிக்காவில் பேஸ் மாடலுக்கு 215/45 ஆர்17, பிரீமியத்துக்கு 215/40 ஆர்18. முதல் எண் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. கணக்குப் போட்டால் 17 அங்குல டயரின் பக்கச் சுவர் சுமார் 97 மில்லிமீட்டர், 18 அங்குலத்தில் 86. ஒரு சென்டிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் வித்தியாசம். பள்ளத்தில் இறங்கும்போது ரிம் வளைவதா தப்புவதா என்பதை அந்த ஒரு சென்டிமீட்டர் தீர்மானிக்கும். பேஸில் மிஷெலின் பிரைமசி, பிரீமியத்தில் பைலட் ஸ்போர்ட் 4. பைலட் ஸ்போர்ட்டுக்குப் பிடிப்பு அதிகம், சந்தேகமில்லை. பிரைமசியில் வண்டி குறைந்த வேகத்திலேயே லேசாக நழுவ ஆரம்பித்துவிடும், சிலருக்கு அதுதான் விளையாட்டு. எல்எஸ்டி, எஞ்சின் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். அதனால் இந்த வண்டியில் பேஸ் எடுத்தால் ஓட்டும் இன்பத்தில் எதையும் இழக்க மாட்டீர்கள்.

மேனுவல், ஆட்டோமேட்டிக் தேர்வும் சில வண்டிகளில் வேரியன்ட் தேர்வைப் போலத்தான். அதே ஜிஆர்86, அதன் இரட்டைப் பிறவி சுபாரு பிஆர்இசட் இரண்டிலும், 2022-ல் அமெரிக்காவில் ஐசைட் என்ற கேமரா உதவி ஆட்டோமேட்டிக்கில் மட்டும்தான் இருந்தது. மேனுவலுக்கு 2024 மாடலில்தான் வந்தது. மோதலுக்கு முன்னால் தானே பிரேக் பிடிக்கும் வசதி தினமும் நெரிசலில் போகிறவருக்குச் சாதாரண விஷயம் அல்ல. லைசென்ஸையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: ஆட்டோமேட்டிக் வண்டியில் டெஸ்ட் கொடுத்தால் மேனுவல் ஓட்ட அனுமதிக்காத நாடுகள் உண்டு.

இன்சூரன்ஸ். வண்டி பார்க்கக் கிளம்பும் முன்பே பேஸுக்கும் மேல் வேரியன்ட்டுக்கும் தனித்தனியாக விலை கேட்டு வாங்கி வையுங்கள். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் பல கம்பெனிகள் புதிதாக வந்தவரைப் புது டிரைவராகத்தான் பார்க்கும். பழைய கம்பெனியிடமிருந்து கிளைம் இல்லை என்ற கடிதம் வாங்கி வைத்திருந்தால் காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். முன் ஓனர் எக்ஸாஸ்ட்டோ ஷாக்கோ மாற்றியிருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். மறைத்தால் விபத்தின்போது கிளைம் போய்விடலாம். ஃபேக்டரியில் வந்த ஸ்போர்ட் பேக்கேஜுக்கு இந்தத் தலைவலி இல்லை.

பெட்ரோல் பற்றி ஒரு வரி. வட அமெரிக்க பங்க்கில் 91 என்று போட்டிருப்பது, மற்ற பல நாடுகளில் 95 என்று போட்டிருப்பதற்கு ஏறக்குறைய சமம், அளக்கும் முறை வேறு. டேங்க் மூடியின் உள்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

இனி, என்னிடம் வந்த கேள்விகளுக்கு வருகிறேன்.

குளிர்காலத்துக்குத் தனி டயர் வேண்டுமா என்று பனி விழும் ஊர்க்காரர் ஒருவர் கேட்டிருந்தார். கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிவிடும், பனியே இல்லாவிட்டாலும் பிடிப்பு குறையும். ஆகவே இரண்டாவது செட் டயர் கட்டாயம், அதை வைக்க இடமும் வேண்டும். சின்ன ரிம் என்றால் செலவு குறைவு. ஜிஆர்86 பிரீமியம் வைத்திருப்பவர் குளிர்காலத்துக்கு 17 அங்குலம் போட்டுக்கொள்ளலாம். பிரேம்போ கம்பெனியின் பெரிய பிரேக் உள்ள வேரியன்ட்களில் சின்ன ரிம் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) இடிக்கலாம், வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். போர்ஷே மாதிரி முன்னுக்கும் பின்னுக்கும் வேறு அளவு டயர் உள்ள வண்டியில் முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யவும் முடியாது.

பர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் போட்ட ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒன்றைப் பார்த்துவிட்டு, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் அது சரிப்படுமா என்று கேட்ட தம்பிக்கு: 5.0 லிட்டர் வி8 விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகும்போது மாடி முழுக்க எழுந்துவிடும். 2018 முதல் வால்வு வைத்த ஆக்டிவ் எக்ஸாஸ்ட் ஆப்ஷனாக வந்தது, அதில் சத்தமில்லாமல் ஸ்டார்ட் செய்ய நேரம் குறித்து வைக்கலாம். அந்த ஆப்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் 2.3 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின் உள்ள மஸ்டாங் அமைதியானது. நீங்கள் சொன்ன பர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் வண்டி டிராக்கில் ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். பிரேக் டிஸ்க்கில் மெல்லிய வெடிப்புக் கோடுகள், டயரின் ஓரம் மட்டும் கிழிந்த மாதிரி தேய்ந்திருப்பது, சீட்டில் ரேஸ் பெல்ட் பதிந்த தடம், இவை இருக்கிறதா என்று பாருங்கள். டீலரோடு தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

குழந்தை உள்ளவருக்கு: எம்எக்ஸ்-5-ல் இரண்டு சீட்தான், டிக்கி 130 லிட்டர், குழந்தையின் தள்ளுவண்டியை மறந்துவிடுங்கள். ஜிஆர்86-ன் பின் சீட்டில் குழந்தை சீட் மாட்டும் கொக்கி உண்டு. ஆனால் பின்னோக்கி வைக்கும் சீட் என்றால் முன்னால் உட்காருபவரின் முழங்கால் டேஷ்போர்டில் முட்டும். வண்டி பார்க்கப் போகும்போது குழந்தை சீட்டையும் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் வேரியன்ட் பேசுங்கள்.