1914 மோன்ஸ் படத்துக்கு எந்த லீ-என்ஃபீல்ட் வரைய வேண்டும்?

கோட்டோவியன்:
வணக்கம் நண்பர்களே. சிறுவர் நூல் ஒன்றுக்காக முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் 1914 ஆகஸ்ட் 23 அன்று நடந்த சண்டையை வரைகிறேன். பிரிட்டிஷ் சிப்பாய்களின் ரைஃபிள் அந்தப் போருக்கு உரியதல்ல என்று படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இணையத்தில் லீ-என்ஃபீல்ட் என்று தேடிக் கிடைத்த படத்தைப் பார்த்துத்தான் வரைந்தேன். மரக்கட்டைக்கு வெளியே குழல் இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கும். எங்கே தப்பு?

பழைய இரும்பு:
அந்த இரண்டு விரற்கடைதான் தப்பு. நீங்கள் வரைந்தது லீ-என்ஃபீல்டின் நம்பர் 4 என்ற வகை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தது. மோன்ஸில் இருந்தது 1907இல் வந்த மார்க் 3 என்ற வகை. அதன் மூக்கு சப்பை. குழல் முனையும் மரக்கட்டையின் நுனியில் உள்ள முன்மூடியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் முடியும். பின்குறியையும் (குறிபார்க்கும் பின்பக்க உறுப்பு) மாற்றுங்கள். நம்பர் 4இல் அது கண்ணுக்குப் பக்கத்தில், போல்டுக்கு (தோட்டாவை ஏற்ற முன்பின் தள்ளும் இரும்புத் தண்டு) மேலே துளையாக இருக்கும். மார்க் 3இல் குழல்மேல், இன்னும் முன்னால். குழல் முனையில் பயனெட் கத்தி மாட்டியிருந்தால் 17 அங்குல அலகுள்ள வாள் மாதிரி வரைய வேண்டும், ஆணி மாதிரி அல்ல.

மலைச்சாரல்:
வலப்பக்கம் தெரிகிற மாதிரி வரைந்தால் மேகஸினுக்கு (தோட்டாப் பெட்டி) மேலே கட்-ஆஃப் தகட்டை விட்டுவிடாதீர்கள். அதை உள்ளே தள்ளினால் மேகஸினில் உள்ள 10 தோட்டாவும் சேமிப்பாக நிற்கும். ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடலாம். 1916இல் வந்த 'மார்க் 3 நட்சத்திரம்' (Mk III*) என்ற எளிய வடிவத்தில் உற்பத்தியை வேகப்படுத்த அதை எடுத்துவிட்டார்கள்.

கோட்டோவியன்:
மிக்க நன்றி! மூக்கைச் சரிசெய்துவிட்டேன். சுடும்போது கை எங்கே இருக்கும்?

பழைய இரும்பு:
போல்டின் குமிழ் விசைக்கு மேலேயே இருப்பதால் கை தூரம் போகாது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் குமிழில், கன்னம் கட்டையில். பழகியவர் நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுடுவார். தோட்டா தீர்ந்தால் ஐந்தைந்தாகக் கோத்த கிளிப்பைச் செருகிக் கட்டைவிரலால் அழுத்துவார், இரண்டு கிளிப். முகத்தை வரையும் அதே அக்கறையோடு அந்தக் கட்டைவிரலையும் வரையுங்கள்.

கோட்டோவியன்:
சரி, அப்புறம் ஓரத்தில் ஒரு குதிரைவீரர் வருகிறார். அவருக்குக் குட்டையானது தானே?

மலைச்சாரல்:
இல்லை, அதே மார்க் 3தான். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர் (1899–1902) வரை காலாட்படைக்கு நீளத் துப்பாக்கி, குதிரைப்படைக்குக் குட்டைக் கார்பைன் என்று இரண்டு இருந்தன. அதற்குப் பிறகுதான் இருவருக்கும் பொதுவாக 25 அங்குலக் குழலோடு இந்த ஒன்றைச் செய்தார்கள். 'ஷார்ட் மேகஸின் லீ-என்ஃபீல்ட்' என்ற முழுப்பெயரில் வரும் 'ஷார்ட்' ரைஃபிளின் நீளத்தைத்தான் சொல்கிறது, மேகஸினை அல்ல. சேணத்தோடு கட்டிய தோல் உறையில் செருகி வரையுங்கள்.