ஏத்தத்துல மட்டும் மிஸ்ஸிங், கடைசில பாத்தா பிளக் வயராக்கும்

மக்களே, போன ஆனி மழையில எனக்கு நடந்தத சொல்லுதேன். நம்ம வண்டி பழைய கார்புரேட்டர் மாருதி 800, 3 சிலிண்டர். நாகர்கோவில் டவுனுக்குள்ள ஓட்டும்போது ஒரு கொழப்பமும் கிடையாது, குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை ஏத்தத்துல ஆக்ஸிலேட்டர மிதிச்சா மட்டும் குலுங்கும், இழுக்காது (இதத்தான் மிஸ்ஸிங்னு சொல்லுவாங்க), மழ பெஞ்சா இன்னும் மோசம். ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டுனேன், சிலிண்டருக்குள்ள பெட்ரோல பத்த வைக்க பொறி விடுற மூணு பிளக்கையும் மாத்தி கார்புரேட்டரையும் கிளீன் பண்ணி தந்தாங்க, ரெண்டு நாள்ல பழையபடி அதே கததான்.

தக்கலையில எங்க சித்தப்பா ரொம்ப வருசமா மெக்கானிக். "ராத்திரி கொண்டு வா மக்கா, வெளிச்சம் வேண்டாம்"னார். முத்தத்து லைட்ட அணைச்சு பானட்ட தொறந்து எஞ்சின ஓடவிட்டு, செடிக்கு தெளிக்கிற ஸ்ப்ரேயர்ல வெள்ளத்த புகை போல லேசா அடிச்சார். அடிச்ச ஒடனே, பிளக்குக்கு கரண்ட் கொண்டு போற மூணு வயர்ல நடு வயர்ல இருந்து நீல நூல் மாதிரி டிக் டிக்னு பொறி பறக்கு! எஞ்சின ஆஃப் பண்ணி டார்ச் அடிச்சு பாத்தா வயர புடிக்கிற கிளிப்ப காணல, வயர் இரும்புல ஒரசி ஒரசி ஒரு ஊசி ஓட்ட, சுத்தி சாம்பல் கலர்ல ஒரு வளையம். பகல்ல எத்தன தடவ பாத்தும் அது என் கண்ணுல படவே இல்ல.

ஏத்தத்துல மிதிக்கும்போது சிலிண்டருக்குள்ள அமுக்கம் கூடும், அப்ப பிளக்ல பொறி தாவ வோல்ட்டும் கூடுதலா வேணும், வயர்ல ஓட்ட இருந்தா கரண்ட் பிளக்குக்கு போவாம சுளுவா எஞ்சின் பாடில எறங்கிரும்னு சித்தப்பா சொன்னப்பதான் ஏன் ஏத்தத்துல மட்டும்னு வெளங்குச்சு. 20,000 வோல்ட்டுக்கு மேலயும் போற வயர், ஓடும்போது தயவுசெஞ்சு கை வச்சிராதீங்க, பெட்ரோல் மணம் அடிச்சா இந்த சோதனையே வேண்டாம்.

எஞ்சின ஆஃப் பண்ணி, வயர் கரண்ட எவ்வளவு தடுக்குன்னு மல்டிமீட்டரும் வச்சு பாத்தோம். ரெண்டு வயர் 4, 5 கிலோ ஓம், நடு வயர் 30க்கு மேல, வளைச்சா ரீடிங் குதிக்கு. மூணு வயரையும் செட்டா மாத்துனேன், இப்ப ஏத்தத்துல நல்லா இழுக்கு.

---

அண்ணே, எனக்கு கொளச்சல், கடல் கூப்பிடு தூரம். எனக்கு வயர் வெளிய பளபளன்னுதான் இருந்துது, ஆனா பிளக்ல மாட்டுற ரப்பர் தொப்பிக்குள்ள பித்தள முனை முழுக்க பச்ச களிம்பு, உப்புக்காத்து பண்ணுன வேல. கழட்டும்போது வயர புடிச்சு இழுக்காண்டாம், தொப்பிய புடிச்சு பைய திருவி எடுக்கணும், நான் இழுத்துதான் வயருக்குள்ள கரண்ட் போற கார்பன் நூல் அந்து போச்சு.

---

இன்னொண்ணும் சேத்துக்கிடுங்க, மூணு வயரையும் ஒண்ணா கழட்டாதீங்க. நான் கழட்டி மாத்தி மாட்டிட்டேன், 800க்கு பொறி சிலிண்டர் 1-3-2ங்குற வரிசையில போவணும், ஸ்டார்ட் பண்ணுனா கார்புரேட்டர் வழியா டப்புன்னு வெடிக்கு, வீட்டுல பிள்ளைகள் பயந்தே போச்சு. இப்ப ஒண்ண கழட்டி பாத்து திரும்ப மாட்டுன பெறவுதான் அடுத்ததுல கை வைக்கேன்.