காக்கா என்றால் அங்கேயும் அண்ணன்தான்

ஊரைவிட்டு வேற்று நாட்டில் இறைப்பணி செய்கிறவர்களைப் பற்றி மூன்று பேர் சொன்னவை.

பாம்பனிலிருந்து, ஒரு கன்னியர் மடத்துச் சகோதரி

தான்சானியாவில் விக்டோரியா ஏரிக்கரையில், முவான்சா நகரத்துக்கு வெளியே ஒரு மீனவர் கிராமத்தில் 9 ஆண்டுகள் இருந்தேன். இப்போது விடுப்பில் வந்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் சிங்கத்தைப் பார்த்தீர்களா என்று கேட்கிறார்கள். நான் பார்த்தது கொசுவைத்தான். முதல் ஆண்டிலேயே இரண்டு முறை மலேரியா. இரண்டாவது முறை தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது.

புறப்படும் முன் அம்மா என்னை ஓரியூருக்குக் கூட்டிப்போய், அந்தச் சிவப்பு மண்ணில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து கொடுத்தார். கிறிஸ்தவ மறையைப் பரப்ப வந்த அருளானந்தர் சாமியை 1693-இல் வெட்டிய இடம் அது. லிஸ்பனில் பிறந்த மனிதர் காவி உடுத்தி, புலால் விட்டு, மறவர் நாட்டில் தமிழ் பேசித் திரிந்தாரே, நமக்குத் தான்சானியாவின் சுவாஹிலி மொழி எம்மாத்திரம் என்ற மிதப்பில்தான் விமானம் ஏறினேன்.

மிதப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அங்கே பெண்களை மரியாதையாக 'மாமா' என்று கூப்பிட வேண்டும். அம்மா என்று பொருள். பல் போன ஒரு பாட்டியைப் பார்த்து மாமா என்று சொல்ல வாயைத் திறந்தால் சிரிப்புதான் வந்தது. 'பாப்பா' என்றால் சுறா. பழக்கதோஷத்தில் ஒரு கைக்குழந்தையை அப்படிக் கொஞ்சிவிட்டேன்; தாய்க்காரி பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். ஆனால் 'காக்கா' என்றால் அண்ணன்! நான் படித்தது கீழக்கரையில். தோழிகள் எல்லாம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்ட அன்று நன்றாகத் தூங்கினேன். பிறகு பார்த்தால் மேசைக்கு 'மேசா', கைக்குட்டைக்கு 'லேசோ'. நம் பாட்டிமார் லேஞ்சி என்றார்களே, அதேதான். இரண்டு கரையிலும் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சாமான்கள்.

இந்தியர் என்றால் அங்கே கடைக்காரர். அங்கியும் சிலுவையும் போட்டுக்கொண்டு கோவில் வாசலில் நிற்கும் என்னிடம் வந்து, சர்க்கரை என்ன விலை என்று கேட்பார்கள்.

என்னை அனுப்பியது தையல் கற்றுக்கொடுக்க. இயந்திரங்கள் 6, மாணவிகள் 2. மற்ற பெண்கள் எல்லாம் கரையில் 'டகா' காயவைத்துக்கொண்டிருந்தார்கள். நம் நெத்திலி மாதிரி ஒரு பொடி மீன். நிலவில்லாத இரவுகளில் படகில் விளக்கு வைத்துப் பிடிப்பார்கள். தண்ணீருக்கு நடுவே ஒரு ஊர் விழித்திருப்பதுபோல் தெரியும். விடிந்ததும் மீனை மணலிலேயே கொட்டிப் பரப்புவார்கள். மணலில் காய்ந்த கருவாடு பல்லில் நறநறக்கும், விலையும் போகாது. இது தெரியாதா எனக்கு? வலையை உயரக் கட்டி அதன்மேல் காயப்போடுங்கள் என்று, போய் இறங்கிய மூன்றாம் வாரமே, அரைகுறைச் சுவாஹிலியில் அறிவுரை சொல்லிவிட்டேன்.

ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். 'விருந்தாளி இரண்டு நாள். மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு' என்று அங்கே ஒரு பழமொழி உண்டு. அவள் மண்வெட்டிக்குப் பதிலாக மீன் வாளியைக் கொடுத்தாள். சுமந்தேன். மாலையில், கடைக்கார வீட்டுப் பெண்ணுக்கு இந்தச் சுமை எப்படிப் பழக்கம் என்று கேட்டாள். என் அம்மா கடலில் பாசி எடுக்கிறவர் என்றேன். புரியவில்லை. லேஞ்சியை நாடா நாடாவாகக் கிழித்து, பாறை அறுக்காமலிருக்க அம்மா விரல் விரலாகத் துணி சுற்றுவதைச் சுற்றிக் காட்டினேன். பக்கத்தில் இருந்த நாலைந்து பெண்கள் வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் சர்க்கரை விலை கேட்கவில்லை. உயரக் கட்டும் யோசனையை மட்டும் இன்றுவரை ஏற்கவில்லை. கட்டைக்கும் கம்புக்கும் யார் காசு கொடுப்பது என்றார்கள். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை.

ஐந்தாம் ஆண்டு அம்மா இறந்துவிட்டார். அப்போது என் பாஸ்போர்ட் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போய், ஒரு அலுவலகத்து மேசையில் இரண்டு மாதமாகக் கிடந்தது. அடக்கத்தைக் கைப்பேசியில்தான் பார்த்தேன். கச்சான் காற்றின் இரைச்சலில் செபம் எதுவும் காதில் விழவில்லை.

அன்று இருட்டியதும் 11 பெண்கள் பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு மடத்துக்கு வந்தார்கள். 'போலே' என்றார்கள். வருந்துகிறோம் என்று பொருள். பாயை விரித்துக் கூடத்தில் படுத்துவிட்டார்கள். இழவு வீட்டில் துணைக்குப் படுப்பது அவர்கள் வழக்கம். வெளியாட்கள் இரவில் தங்கக் கூடாது என்பது எங்கள் மடத்து ஒழுங்கு. தலைமைச் சகோதரி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். கடைசியில் தம் பாயையும் கொண்டுவந்து போட்டார். விடிந்ததும் ஆளாளுக்குத் துணி முனையை அவிழ்த்து 'ரம்பிரம்பி', அதாவது துக்கப் பணம், என் கையில் வைத்தார்கள். மறுக்கக் கூடாதாம். அதில் சர்க்கரை வாங்கி எல்லோருக்கும் தேநீர் போட்டோம். அதன் விலை எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

தங்கச்சிமடத்திலிருந்து, ஒரு படகுக்காரர்

சகோதரி பணக் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டார். என் தம்பியும் வெளிநாட்டில் சாமியார். நாட்டைச் சொன்னால் ஆள் தெரிந்துவிடும், வேண்டாம். அவன் விடுப்பில் வந்தால் முதல் நாள் சொந்தக்காரர்கள் வருவார்கள். இரண்டாம் நாள் ஒருவருக்கு எஞ்சின் பழுது, இன்னொருவருக்கு மகள் கல்யாணம். வெளிநாடு என்றாலே துபாய் என்று நினைப்பு. போன முறை அவன் பையில் இருந்தவை ஒரு பொட்டலம் காப்பிக்கொட்டை, இரண்டு சட்டை, சேற்றுப்புண்ணுக்கு ஒரு களிம்பு. ஞாயிறுதோறும் மூன்று கிளைக் கோவில்களாம். மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிளை அவன் ஓட்டுவதைவிடத் தள்ளுவதே அதிகம். திரும்பிப் போகும் டிக்கெட்டில் பாதி என் தலையில். இதை நான் யாரிடமும் சொல்வதில்லை, இங்கே சொல்லிவிட்டேன்.

தொண்டிப் பக்கத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்

நான் கோவில் பூசையில் உதவும் பீடச் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் ஓர் ஐரோப்பியச் சாமி இருந்தார். 1549-இல் வேதாளையில் கொல்லப்பட்ட இத்தாலியச் சாமி கிரிமினாலியைப் பற்றி மறைக்கல்வியில் அவரே சொல்லித்தந்தார். எங்கள் சாமிக்கு வாய்த்ததோ வேர்க்குருதான். முதுகைச் சொறிய ஒரு பனைமட்டைத் துண்டு வைத்திருப்பார். 'ழ' மட்டும் எங்களைவிட நன்றாக வரும்.

ஒரு நாள் தபால் நிலையத்திலிருந்து நீல நிற வான்கடிதம் ஒன்றை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தார், மடித்து மறைநூலுக்குள் வைத்தார், மணி அடிக்கச் சொன்னார். பாடம் நடந்தது. அவருடைய தாய் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது என்பது எங்களுக்குத் தெரியவந்தபோது, மேலும் இரண்டு மாதம் போயிருந்தது.

என் பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சாமி வீட்டுக்குப் போனார். "சாவை மறைக்கிறவர் உண்டா சாமி? நாங்கள் என்ன வேற்று மனிதரா?" என்று திட்டிக் கஞ்சியைக் குடிக்கவைத்தார். பிறகு தாயின் பெயரைக் கேட்டார். அது பாட்டியின் வாயில் நுழையவில்லை. 'சாமியைப் பெற்றவளே' என்று மாற்றிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து மாரில் அடித்து ஒப்பாரி வைத்தார். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள். சாமி பனைமட்டையைக் கையில் பிடித்தபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

"உங்கள் ஊரில் இதற்கு என்ன பாடுவீர்கள்?" என்று பாட்டி மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்.

"கோவிலில் பாடுவோம். வீட்டில் பேசாமல் இருப்போம்."

"அடப் பாவமே" என்று சொல்லிவிட்டுப் பாட்டி காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.