1941 சென்சஸில் எங்கள் லயத்துத் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்) தாள் கிடைக்குமா?

தேவிகுளத்துக்காரன்:
கொள்ளுத்தாத்தா கங்காணியோடு (எஸ்டேட்டுக்கு ஆள் கூட்டிவருபவர்) சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையேறி வந்தவர். 1924 வெள்ளம் மூணாறை அடித்துப்போனதற்கு மறுவருஷம் என்று பாட்டி சொல்லும். இப்போது மகனுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டும். 10.8.1950க்கு முன்பே இங்கே இருந்ததற்குத் தாள் கேட்கிறார்கள். லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்தவர்களுக்குப் பட்டாவா இருக்கும்? இங்கிலாந்தில் 1921 கணக்கெடுப்பின் வீட்டுத் தாளையே பார்க்கலாமாம், லண்டனில் இருக்கும் சிநேகிதன் சொன்னான். அதுபோலத் திருவிதாங்கூர் சென்சஸ் தாளை எங்கே வாங்குவது?

பீர்மேடு தம்பி:
அந்த வழி அடைப்பு அண்ணே. அங்கே நூறு வருஷம் பூட்டிவைத்துத் திறக்கிறார்கள். இங்கே ஆள்வாரிச் சீட்டுகளை எண்ணி முடித்ததும் கழித்துவிட்டார்கள். மிஞ்சியது தாலுகாவுக்கு எத்தனை தலை என்ற அட்டவணைதான், அதில் பேர் இருக்காது. 1948 சென்சஸ் சட்டம் 15ஆம் பிரிவையும் பாருங்கள்: பதிவைப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை, சிவில் வழக்கில் சாட்சியமாகவும் எடுக்க மாட்டார்கள்.

மறையூர் அக்கா:
சென்சஸை விடுங்க தம்பி. எஸ்டேட் பள்ளிக்கூடத்து அட்மிஷன் ரிஜிஸ்டர், பழைய செக்ரோல் (எஸ்டேட்டில் ஆள்வருகைப் பதிவேடு), கோயிலோ சர்ச்சோ வைத்திருக்கும் பதிவு, இந்த மூன்றையும் தட்டிப் பாருங்க. பேர் மலையாள எழுத்தில் திரிந்திருக்கும், அதனால் அப்பா பேரையும் லயத்தையும் சேர்த்தே தேடுங்க. தாத்தா பள்ளிக்கூடம் போனாரா?

தேவிகுளத்துக்காரன்:
போனார் அக்கா, மூன்றாம் வகுப்பு வரை. அந்த டி.சி. டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. சேர்ந்த தேதி 5-3-1117 என்று போட்டிருக்கிறது. ஒரு ஆபீசில் காட்டினேன். வருஷமே தப்பு என்று திருப்பித் தந்துவிட்டார்கள். நானும் செல்லாத தாள் என்று பெட்டியிலேயே போட்டுவிட்டேன்.

மறையூர் அக்கா:
அட, அது கொல்லம் ஆண்டு, மலையாளக் காலண்டர் வருஷம்! திருவிதாங்கூரில் எல்லாக் காகிதமும் அப்படித்தான். மூன்றாம் மாசம் மார்ச் இல்லை, துலாம், நம் ஐப்பசி. சிங்க மாசம் (ஆவணி) முதல் தனு (மார்கழி) பாதி வரை கொல்லம் வருஷத்தோடு 824 கூட்டணும், அப்புறம் 825. ஆக 1941 அக்டோபர். அந்தப் பள்ளிக்கூடம் இப்போதும் இருக்கா?

தேவிகுளத்துக்காரன்:
இருக்கிறது அக்கா. மலையாளம் மீடியமாகிவிட்டது.

மறையூர் அக்கா:
ஹெச்.எம்.மைப் பார்த்து ரிஜிஸ்டர் பக்கத்துக்கு அட்டஸ்டட் நகல் வாங்குங்க. இங்கிலீஷ் தேதியையும் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. இல்லாவிட்டால் மறுபடியும் 'தப்பு' என்பார்கள்.

தேவிகுளத்துக்காரன்:
திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டேன் அக்கா.