ஏணியின் அடி வழுக்கியபோது: மூன்று பேர் அனுபவம்

போன மாதம் வெளிச்சுவர் விரிசலைப் பூச ஏறினேன். ஏணி சுவரைத் தொட்ட இடம் சுமார் 12 அடி உயரம். நன்றாகச் சாய்த்து வைத்தால்தான் பத்திரம் என்ற நினைப்பில் அடியைச் சுவரிலிருந்து 6 அடி தள்ளி வைத்துவிட்டேன். பாதி ஏறும்வரை ஆடக்கூட இல்லை. மேலே போனதும் அடி சர்ரென்று வெளியே ஓடியது, சுவரை உரசிக்கொண்டே ஏணியோடு கீழே வந்தேன். மணிக்கட்டில் எலும்பு முறிவு.

நாம் மேலே போகப் போக ஏணி சுவரை அழுத்துவது கூடுகிறது, அதே அளவுக்கு அடியும் வெளியே தள்ளப்படுகிறது. அதைத் தடுத்து நிறுத்துவது தரையின் பிடிப்பு மட்டும்தான். அதனால் முதல் படியில் நின்று ஆட்டிப் பார்த்துவிட்டு உறுதியாக இருக்கிறது என்று தயவுசெய்து நம்பாதீர்கள், நான் அப்படித்தான் நம்பினேன். நாலுக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. 12 அடி உயரத்துக்கு 3 அடி தள்ளி வைத்தால் போதும். கால்விரல் ஏணிக் காலைத் தொட நிமிர்ந்து நின்று கையை நேரே நீட்டுங்கள், தோள் உயரத்துப் படியில் உள்ளங்கை பட்டால் சாய்வு சரி.

* * *

மேலே சொன்னவர்போல் இல்லை, எனக்குச் சாய்வு சரியாகத்தான் இருந்தது, தரைதான் கைவிட்டது. கழுவிவிட்ட டைல்ஸ். வழுக்கக் கூடாதே என்று பழைய சாக்கை மடித்து ஏணிக்கு அடியில் போட்டேன், சாக்கோடு சேர்ந்தே ஏணி நகர்ந்தது. ஜன்னல் கம்பி கைக்கு எட்டியதால் தப்பித்தேன். அப்புறம் ஏணியைப் படுக்கப்போட்டுப் பார்த்தால், ஒரு காலில் ரப்பர் தேய்ந்து உலோகமே தெரிகிறது, இன்னொன்றில் காய்ந்த பெயின்ட். எத்தனை வருஷமாக அப்படியே ஏறினேனோ! ரப்பரை மட்டும் தனியாக மாற்ற முடிந்தது. இப்போது தரையையும் ரப்பரையும் துடைக்காமல் ஏறுவதில்லை.

* * *

ஏணியைக் கீழே நின்று ஆள் பிடிப்பது பற்றி என் பங்குக்கு ஒன்று. நான் ஏறியபோது தம்பி பக்கவாட்டில் நின்று ஒரு கையால் பிடித்திருந்தான், அடி நகர்ந்தபோது அவனால் எதுவும் செய்ய முடியவில்லை. பிடிப்பவர் ஏணிக்கு நேரே நின்று, கீழ்ப்படியில் ஒரு காலை ஊன்றி, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அதைவிட ஏணியைக் கயிற்றால் கட்டிவிடுவதையே நான் நம்புகிறேன். மேலே கட்ட ஒருவர் ஏறித்தானே ஆக வேண்டும், அவர் கட்டி முடிக்கும்வரைக்கும், பிறகு அவர் இறங்கும்போதும் மட்டும் எங்கள் வீட்டில் கீழே ஆள் நிற்கிறோம்.