34 சதவீதம் காட்டியபடியே அணைந்த லேப்டாப்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

மழைத்துளி:
ஆன்லைன் நேர்காணல். கரண்ட் போனது. நெட் போனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது, பேட்டரியும் 34 சதவீதம் இருந்தது, அதனால் நான் அலட்டிக்கொள்ளவில்லை. "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டார்கள். வாயைத் திறந்தேன், திரை அணைந்தது. கறுப்புத் திரையில் வாய் திறந்தபடி என் முகம் மட்டும். அதுதான் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

மூன்று வருடமாகச் சார்ஜரைக் கழற்றியதே இல்லை. பேட்டரியைத் தொடாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றல்லவா நினைத்தேன்?

கடைசிபெஞ்ச்:
அணைந்ததோடு போயிற்றே. என் டச்பேட் ஒருநாள் க்ளிக் ஆகவில்லை. லேப்டாப்பை மேசையில் வைத்தால் ஒரு பக்கம் ஆடியது. ஸ்க்ரூ லூஸ் என்று நினைத்து, எழும்பியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். ஒரு வாரம்! கடையில் ஸ்க்ரூவைக் கழற்றியதும் அடிமூடி தானாகத் துள்ளி எழுந்தது. உள்ளே வெள்ளி நிறத்தில் குட்டித் தலையணை மாதிரி பேட்டரி. கடைக்காரர் ஓரடி பின்னால் போனார். நான் எதை அழுத்திக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பழையபேனா:
எல்லாம் சார்ஜரிலேயே போட்டு வைப்பதன் பலன். மாதம் ஒருமுறை பூஜ்யம் வரை இறக்கி நூறு வரை ஏற்ற வேண்டும். என் முதல் லேப்டாப் அப்படித்தான் ஆறு வருடம் ஓடியது. இப்போது இருப்பதையும் அப்படியே பார்த்துக்கொள்கிறேன், ஆனால் இரண்டே வருடத்தில் முக்கால் மணி நேரம்கூட நிற்பதில்லை. இப்போது வரும் சரக்கு அப்படி.

மின்மினி:
பழையபேனா அண்ணே, சரக்கைக் குறை சொல்லாதீர்கள். முழுதாக இறக்காமல் ஏற்றினால் பேட்டரியின் கொள்ளளவு சுருங்கிவிடும் என்கிற மெமரி எஃபெக்ட், பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துக் கதை. இப்போது லேப்டாப்களில் வரும் லித்தியம் அயான் பேட்டரியை அடிவரை இறக்குவது அதற்குக் கூடுதல் தேய்மானம். எப்போதாவது ஒருமுறை இறக்கி ஏற்றினால் சதவீதக் கணக்கு சரியாகும், பேட்டரி குணமாகாது.

மழைத்துளி, தொடாமல் வைத்தாலும் அதற்கு வயதாகும். நூறில் நிற்கும்போது ஒவ்வொரு செல்லும் சுமார் 4.2 வோல்ட்டில் இருக்கிறது. அந்த நிலையில், அதுவும் சூட்டோடு, உள்ளிருக்கும் எலக்ட்ரோலைட் என்கிற திரவம் மெல்லச் சிதைந்து, எதிர்முனையான கிராஃபைட் மேல் படலமாகப் படிகிறது. படலமே இல்லாவிட்டால் பேட்டரி நிலைக்காது. ஆனால் அது தடிக்கத் தடிக்க லித்தியத்தை விழுங்குகிறது, விழுங்கியது திரும்பி வராது. கொள்ளளவு குறைவதற்கு முக்கியக் காரணம் அதுதான். கடைசிபெஞ்ச் பார்த்த தலையணைக்குள் இருந்ததும் இந்த மாதிரிச் சிதைவில் பிறந்த வாயுதான்.

34இல் அணைந்ததற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. வயதானால் உள்தடை, அதாவது கரண்ட் ஓட்டத்துக்குப் பேட்டரியே போடும் தடை, ஏறும். கேமராவும் வீடியோவும் சேர்ந்து கரண்ட் இழுக்கும்போது வோல்டேஜ் தடாலென்று சரிகிறது, லேப்டாப் அணைந்துவிடுகிறது. அந்தச் சதவீதம் கருவி போட்ட கணக்கு, அவ்வளவே. அதைப் போய் நம்பினீர்களே!

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும்: 80இல் நிறுத்தும் வசதி பல லேப்டாப்களில் இருக்கிறது, போட்டுவிடுங்கள். மெத்தைமேல் வைத்து ஓட்டாதீர்கள். பல நாள் பயன்படுத்தாமல் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், அதில் தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போதையதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் கதையா? எப்போதும் நூறு, வெயில் விழும் ஜன்னலோரம், ஒன்றரை வருடத்தில் காலி.

நிலாமுற்றம்:
பாதி சார்ஜ் விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருக்கலாம். அப்பா இறந்த பிறகு அவருடைய லேப்டாப்பை மூடியிருந்தபடியே பீரோவில் வைத்தேன். ஸ்லீப்பில் இருந்திருக்கிறது. 14 மாதம் கழித்துச் சார்ஜரைச் செருகினேன். ஆரஞ்சு விளக்கு மூன்று தடவை மினுக்கி அணைந்தது. மறுபடி செருகினேன், மறுபடி மூன்று. வோல்டேஜ் மிகவும் இறங்கிப்போனதால் காப்பு சர்க்யூட்டே சார்ஜை ஏற்க மறுக்கிறது என்றார்கள். புது பேட்டரி போட்டுத் திறந்தேன். ஃபைல்கள் எல்லாம் இருக்கின்றன. மூடும்போது அவர் எதைத் திறந்து வைத்திருந்தார் என்பது மட்டும் போய்விட்டது.

பழையபேனா:
வருந்துகிறேன், நிலாமுற்றம்.

மின்மினி, பரணிலிருந்து பழைய லேப்டாப்பை இறக்கி ஸ்டிக்கரைப் பார்த்தேன். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. சரி, மேலே ஒன்றும் சொல்லவில்லை.

மழைத்துளி:
ரிப்போர்ட் எடுத்தேன். 48,000 இருக்க வேண்டிய இடத்தில் 19,600 மில்லிவாட்-ஹவர்தான். இந்த நிலைமையில்தான் அது எனக்கு 34 என்று காட்டியது!

கடைசிபெஞ்ச்:
என் தலையணையை இன்னும் மணல் போட்ட வாளியில் பால்கனியில் வைத்திருக்கிறேன். குத்தக் கூடாது, குப்பையில் போடக் கூடாது, மின்கழிவு எடுப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும் என்று கடைக்காரர் கையில் திணித்துவிட்டார். தினமும் காலையில் எட்டிப் பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம் உப்பியிருக்கிறதோ என்று ஒரு சந்தேகம்.